வாடகை வீட்டுக்கு ஹோம் வாரண்டி தேவையா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கான குறிப்பு இது. ஹோம் வாரண்டி காப்பீடு அல்ல. தேய்மானத்தால் பழுதாகும் சாதனங்களுக்கான சர்வீஸ் ஒப்பந்தம். தீ, புயல் சேதமெல்லாம் இதில் வராது.

1. ஏசி, ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் சாதனம்), வாட்டர் ஹீட்டர் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுங்கள். தயாரிப்புத் தேதி தனியாக இல்லாவிட்டால் பெரும்பாலும் சீரியல் எண்ணுக்குள் இருக்கும். டேங்க் ஹீட்டர் சுமார் 8–12 ஆண்டு ஓடும். சென்ட்ரல் ஏசி 15 ஆண்டு வரை.

2. மாற்றும் செலவை ஆயுளால் வகுங்கள். ஹீட்டர் 1,800 டாலர், 10 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 180. இப்படி எல்லாவற்றையும் கூட்டி, பிரீமியத்தோடும் சர்வீஸ் கட்டணத்தோடும் ஒப்பிடுங்கள். பிரீமியம் 700, ஆள் வரும் ஒவ்வொரு தடவைக்கும் 100 என்றால், மூன்று தடவை வந்தாலே 1,000 ஆகிவிடும்.

3. பலரும் சறுக்குவது இங்கேதான். விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு, உச்சவரம்பும் விலக்குகளும் உள்ள பகுதியைப் படியுங்கள். ஏசிக்கு வரம்பு 2,000, மாற்ற 7,500 என்றால் மீதி 5,500 உங்கள் தலையில். ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும் பழைய ஏசி இன்னும் வம்பு: அந்த வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020இலேயே நின்றுவிட்டன. வெளி யூனிட் போனால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காயிலையும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) சேர்த்து மாற்ற வேண்டும். பெர்மிட், காயில், பழையதை அப்புறப்படுத்தும் கூலி இதெல்லாம் ஒப்பந்தத்தில் உண்டா என்று கேளுங்கள். வாங்கிய முதல் 30 நாள் பெரும்பாலும் காத்திருப்புக் காலம்; அதுவரை க்ளெய்ம் செய்ய முடியாது. "பராமரிப்பு இல்லை" என்று க்ளெய்மைத் தள்ளாமலிருக்க, ஃபில்டர் வாங்கிய ரசீது, வருடாந்திர சர்வீஸ் பில் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

4. குளிர்காலத்தில் ஹீட்டிங் நின்றால் சரிசெய்யும் சட்டப் பொறுப்பு பெரும்பாலான மாநிலங்களில் உங்களுடையது. வாரண்டி கம்பெனி ஆள் அனுப்பவில்லை என்ற சாக்கு எடுபடாது. சில மாநிலங்களில் குடியிருப்பவரே சரிசெய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு நீங்களே ஆள் கூப்பிட்டால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி கம்பெனி அனுமதி தருவதற்கு முன் எதையும் கழற்ற விடாதீர்கள்.

5. சர்வீஸ் கட்டணம் யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சாதனங்கள் புதிது, பக்கத்தில் நம்பிக்கையான டெக்னீஷியன் இருக்கிறார் என்றால் வாரண்டி வேண்டாம். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு பழைய வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஓராண்டு எடுத்துப் பார்க்கலாம்.

கூடுதலாக: பிரீமியத்தை ஷெட்யூல் ஈ-யில் (வாடகை வருமானத்துக்கான வரிப் படிவம்) செலவாகக் காட்டலாம். தனிக் கணக்கில் போட்டது, பழுதுபார்க்கச் செலவழித்த பிறகே வரிக் கழிவுக்கு வரும்.