ஆரத்தித் தட்டில் தொடங்கும் அமில, காரப் பாடம்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புத் திட்டம்

ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மஞ்சள் புதிதல்ல. வேகவைப்பதையும் காயப்போடுவதையும் ஏலத்துக்கு மூட்டை ஏற்றுவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மஞ்சளை வைத்தே ஒன்பதாம் வகுப்பு அமிலம், காரம் பாடத்தின் முதல் 45 நிமிடங்களைத் திட்டமிடலாம்.

முதல் படி, கேள்வி. பாடக்குறிப்பேட்டில் வரையறையை எழுதாதீர்கள். "ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் ஏன் சிவக்கிறது?" என்று எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். காரணம் கேட்டவர்கள் குறைவு. மணி அடிக்கும்போது அவர்கள் சொல்ல வேண்டிய விடையையும் கீழே எழுதுங்கள்: காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அமிலம் அந்தக் காரத்தை நடுநிலையாக்கினால் மஞ்சள் நிறம் திரும்பும். இந்த விடைக்கு உதவாத எதையும் அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி, மஞ்சள் தாள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை கால் டம்ளர் ஸ்பிரிட்டில் கலக்கி, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் தெளிய விடுங்கள். தெளிவில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்தி, விரல் அகலத்துக்கு நறுக்குங்கள்.

மூன்றாம் படி, ஒத்திகை. இதை மட்டும் தவிர்க்காதீர்கள். முதல் ஆண்டில் சமையல் சோடாவை நம்பி நேராக வகுப்புக்குப் போனேன். அதன் கரைசலின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8.3 அளவில்தான் இருக்கும். மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும் இடமே ஏறக்குறைய அதுதான். தாள் லேசாக மங்கியது, அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளின் முகமும் சேர்ந்து வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சலவைச் சோடாவின் பிஎச் 11-ஐ ஒட்டி இருக்கும். தாள் பட்டதும் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். சுண்ணாம்பை முந்தின நாளே நீங்கள் கரைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் கொண்டுபோங்கள். அது கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிள்ளைகள் கையில் சொட்டுக்குழாய் மட்டும் போதும். ருசி பார்ப்பது கூடவே கூடாது.

இனி வகுப்பு. கண்ணாடி டம்ளரில் மஞ்சள் தண்ணீர், அதில் சுண்ணாம்புத் தெளிநீர் சில சொட்டு. சிவந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். "எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் ஊகத்தை நோட்டில் எழுத வையுங்கள். எழுதியவர்களுக்குத்தான் விடையைத் தெரிந்துகொள்ளும் தவிப்பு இருக்கும். பிறகு சொட்டுச் சொட்டாகப் பிழியுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் மஞ்சள் புள்ளி தோன்றி, கலக்கினால் மறையும். இன்னும் சில சொட்டில் டம்ளர் முழுவதும் மஞ்சளாகிவிடும். அந்த நொடியில் கரும்பலகையில் 'நடுநிலையாக்கல்' என்று எழுதுங்கள். கண்ணால் கண்டபின் வரும் சொல் மறக்காது.

அடுத்த பத்து நிமிடம் குழுக்களுக்கு. சலவைச் சோடா, சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், மோர், உப்புத் தண்ணீர் ஆகியவற்றில் தாளை நனைத்துப் பார்க்கட்டும். மஞ்சள் கறை பட்ட வெள்ளைச் சட்டைக்குச் சோப்பு போட்டால் ஏன் சிவக்கிறது என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

புளியிலும் உப்புத் தண்ணீரிலும் தாள் மஞ்சளாகவே இருக்கும். "அப்படியானால் இரண்டும் ஒன்றா?" என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்பது அங்கேதான் பிடிபடும். அமிலத்தையும் நிறத்தால் காட்டும் லிட்மஸ் தாளை அப்போது எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் அது வெறும் காகிதம்.

வீட்டுப்பாடத்துக்கு ஆளுக்கு ஐந்து மஞ்சள் தாள் கொடுத்து அனுப்புங்கள். திருப்பூர்ப் பக்கமென்றால், பருத்தித் துணியில் சாயம் பிடிக்கச் சோடா எதற்கு என்று சாயப்பட்டறையில் வேலை செய்யும் உறவினரிடம் கேட்டு வரட்டும். கவுந்தப்பாடிப் பக்கமென்றால், கொப்பரையில் காயும் கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு எதற்கு என்று ஆலைக்காரரிடம் கேட்கட்டும். கரும்புச் சாறு லேசான அமிலம். அந்த விடைகளைக் கரும்பலகையில் எழுதி அடுத்த வகுப்பைத் தொடங்குங்கள்.