பிளைவுட்டை அளக்காமல் வெட்டாதீர்கள்

கட்டடக்கலை வகுப்பின் பட்டறையில் இந்த வாரமும் ஒரு மாணவி கண்கலங்கி நின்றார். கட்டட மாதிரிக்காக லேசரில் வெட்டிய இருபது துண்டுகளில் ஒன்றுகூட மற்றொன்றில் நுழையவில்லை. அதே மேசையருகே நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன். கோப்பைச் சேமிக்க மறப்பது, பசை காயும் முன் தூக்குவது போன்ற சிறு தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அந்தப் பாடம் தானாக வந்துவிடும். மாதிரி செய்யும்போது திரும்பத் திரும்ப நடக்கும் ஐந்து தவறுகள் மட்டும் இங்கே.

பலகையின் பெயரை நம்புவது

மூன்றாம் ஆண்டில் வளைந்த கூரை ஒன்றை, குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கும் 48 சட்டங்களாக ரைனோ என்னும் முப்பரிமாண வரைமென்பொருளில் வரைந்தேன். வாங்கியது 3 மி.மீ. பிளைவுட் என்பதால் சட்டங்களைக் கோக்கும் பள்ளங்களின் அகலத்தையும் 3 மி.மீ. என்றே வைத்தேன். லேசர் 0.2 மி.மீ. எரித்ததில் பள்ளம் 3.2 ஆனது. பலகையோ உண்மையில் 3.4. திரையில் அழகாகப் பொருந்தியவை கையில் அசைய மறுத்தன. சுத்தியலால் தட்டினேன், பள்ளத்தின் அடியிலேயே பிளந்தன. பலகையும் இரண்டு இரவுகளும் வீண்.

தடிமனை அளக்கும் காலிப்பர் அருகிலேயே இருந்தது. அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. இன்றைய மாணவர்களும் அதைத் தொடுவதில்லை.

ஒவ்வொரு பலகையையும் நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். ஒரே கட்டில் வந்தவைகூட வேறுபடும், ஈரக்காற்றில் மரம் உப்பும். அதே பலகையின் ஓரத்துண்டில் 2.5 முதல் 3.5 மி.மீ. வரை 0.1 இடைவெளியில் பள்ளங்கள் வெட்டுங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் எது இறுக்கமாக நுழைகிறதோ, அந்தப் பள்ளத்துக்கு வரைந்த எண்ணே உங்கள் எண். எண்ணை மாற்றினால் வரைபடத்தையே மாற்றித்தரும் ரைனோவின் கிராஸ்ஹாப்பரில் பள்ள அகலத்தை ஒரே ஸ்லைடராக வைத்திருந்தால் 48 சட்டங்களும் நொடியில் மாறும். தளர்வாக விட்டாலும் தப்ப முடியாது: 2.7 மி.மீ. பலகை 3.2 பள்ளத்தில் ஆடும், கூரை முழுவதும் சாயும்.

எல்லா விவரத்தையும் அச்சிட நினைப்பது

40 மி.மீ. கைப்பிடிக் கம்பி 1:100 அளவில் 0.4 மி.மீ. ஆகிறது. பெரும்பாலான த்ரீடி பிரிண்டர்களில் பிளாஸ்டிக் வெளிவரும் முனைத்துளையே அவ்வளவுதான். கம்பியைத் தடிமனாக்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

அலகு பார்க்காமல் எஸ்டிஎல் அனுப்புவது

த்ரீடி பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் எண் மட்டுமே இருக்கும், அலகு இருக்காது; பிரிண்டர் பெரும்பாலும் அதை மி.மீ. என்றே எடுத்துக்கொள்ளும். மீட்டரில் வரைந்த 10 மீட்டர் வீடு 10 மி.மீ. பொம்மையாக வரும்.

பிவிசி தகட்டை லேசரில் வைப்பது

ஒருபோதும் கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும்.

மாதிரியைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவது

மாதிரி முடிவைக் காட்ட மட்டுமல்ல, வடிவத்தைத் தேடவும்தான். ஸ்பெயினின் கொலோனியா குயெல் தேவாலயத்தின் வளைவுகளைக் கட்டடக் கலைஞர் அந்தோணி கவுதி கண்டடைந்தது, கயிறுகளில் சிறு எடைப்பைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரியில்தான். முதல் வாரமே அட்டையைக் கிழித்து ஒட்டத் தொடங்குங்கள்.