சியோல் போர் நினைவகத்தைப் பார்க்கச் செல்பவர்களுக்கு

தென்கொரியத் தலைநகர் சியோலில், யோங்சான் பகுதியில் இருக்கும் போர் நினைவகத்துக்குள் நுழைபவர்கள் பலர், கற்காலக் கருவிகளிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்து, கொரியப் போர்க் கூடங்களை எட்டுவதற்குள் களைத்துவிடுகிறார்கள். அரை நாள்தான் கையில் இருக்கிறதென்றால், பழங்காலப் போர்களுக்கான கூடத்தில் ஆமைக் கப்பலின் மாதிரியை மட்டும் பார்த்துவிட்டு மேலே ஏறிவிடலாம். 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பைக் கடலில் எதிர்கொண்ட தளபதி இ சுன்-சின் பயன்படுத்திய கப்பல் வகை அது. மாடிகளைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நாம் தரைத்தளம் என்பதைக் கொரியர்கள் ஒன்றாம் தளம் என்றே எண்ணுவார்கள்.

போய்ச் சேருவது எளிது. சுரங்க ரயிலின் 4ஆம் அல்லது 6ஆம் தடத்தில் சம்காக்ஜி நிலையத்தில் இறங்கி, 12ஆம் எண் வாயில் வழியாக வெளியே வந்தால் சில நிமிட நடைதான். கூகுள் மேப்பை நம்பி நடக்க வேண்டாம். அந்நாட்டில் நேவர் மேப் அல்லது காக்கோ மேப்தான் நடைவழியைச் சரியாகக் காட்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை 9.30 முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும் என்றாலும், கடைசி நேரத்தில் போய் நிற்காமல் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

வளாகத்துக்குள் நுழைந்ததும் பி-52 குண்டுவீச்சு விமானம் கண்ணை இழுக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சகோதரர் சிலைக்குச் செல்லுங்கள். விரிசல் விட்ட குவிமாடம் ஒன்றின் மேல், தென்கொரியப் படையில் இருந்த அண்ணனும் வடகொரியப் படையில் இருந்த தம்பியும் போர்க்களத்தில் எதிர்ப்பட்டுத் தழுவிக்கொள்ளும் காட்சி அது. உண்மையில் நடந்த சந்திப்பு என்றே சொல்லப்படுகிறது. சற்று நேரம் நின்று பார்த்தால், அண்ணன் பெரிய உருவமாக நிமிர்ந்து நிற்பதும், தம்பி அவர் மார்பில் சாய்ந்திருப்பதும் தெரியும். யார் யாரை அணைத்துக்கொள்கிறார் என்பதில் சிற்பி ஒரு பக்கம் நின்றுவிட்டார். இந்த நினைவகம் முழுவதுமே தென்கொரிய அரசின் குரல் என்பதை இங்கேயே உணர்ந்துகொண்டால், உள்ளே உள்ள விளக்கங்களை வாசிப்பது எளிதாகும். 1994இல் திறக்கப்பட்ட இந்த இடம், முன்பு அந்நாட்டுத் தரைப்படைத் தலைமையகம் இருந்த இடம்.

அடுத்து, கட்டடத்தின் இரு பக்கமும் நீளும் நடைபாதைகளில் வாசிக்க வேண்டியது பெயர்களை. போரில் இறந்தவர்களின் பெயர்கள் கருங்கல் பலகைகளில் நெருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன, ஐ.நா. படையினரின் பெயர்கள் நாடுவாரியாகவும், அமெரிக்கர்களின் பெயர்கள் மாநிலவாரியாகவும் உள்ளன. குடும்பத்தினர் பூக்களை வைத்துவிட்டு நிற்பதுண்டு. அவர்களைப் படம் எடுக்காமல் கடந்து செல்வதே முறை.

கொரியப் போர்க் கூடங்களுக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கொரியர்கள் இப்போரை ‘யுகியோ’ என்று அழைப்பார்கள்; ஆறு, இரண்டு, ஐந்து என்று பொருள். 1950 ஜூன் 25 அன்று போர் தொடங்கியதால் வந்த பெயர். சியோல் நகரம் ஓராண்டுக்குள் நான்கு முறை கைமாறியதை வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான், அகதிகள் ஏன் மீண்டும் மீண்டும் தெற்கே நடந்தார்கள் என்பது விளங்கும். 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்த உடன்பாடு மட்டுமே. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

ஐ.நா. படைகளுக்கான கூடத்தில் மருத்துவ உதவி வழங்கிய நாடுகளின் வரிசையில் இந்தியாவைத் தேடிப் பாருங்கள். இந்தியா போரிடப் படை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்க வான்குடைப் படையினர் குதித்தபோது, அவரும் ஒரு சிறு மருத்துவக் குழுவோடு குதித்து, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். பின்னர் மகாவீர் சக்ரா பெற்றார். நம் பாடப்புத்தகங்களில் அவ்வளவாக இடம்பெறாத ஒருவரைச் சியோலில் போய் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெளிநாடுகளுக்குப் படை அனுப்பிய வரலாற்றைச் சொல்லும் பகுதியில் வியட்நாம் போருக்கு முக்கிய இடம் உண்டு. தென்கொரியா அங்கே மூன்று லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை அனுப்பியது. 1968இல் அங்குள்ள ஃபோங் நி கிராமத்தில் தென்கொரியப் படையினர் நடத்திய படுகொலையில் உயிர் தப்பிய பெண்ணுக்குத் தென்கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று சியோல் நீதிமன்றம் ஒன்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதை அறிந்துகொண்டு இந்தப் பகுதியைப் பாருங்கள். எது காட்டப்படுகிறது என்பதோடு, எது விடப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

வெளியே வந்த பிறகு விமானங்களையும் டாங்கிகளையும் பார்த்துக்கொண்டு, சம்சூரி 357 என்ற ரோந்துப் படகின் முழு அளவு மாதிரிக்குள் ஏறுங்கள். 2002 ஜூன் 29 அன்று யோன்பியோங் தீவுக்கு அருகே வடகொரியக் கடற்படையோடு நடந்த மோதலில் அந்தப் படகு மூழ்கியது. ஆறு பேர் இறந்தனர். மாதிரிப் படகெங்கும் குண்டு துளைத்த இடங்கள் சிவப்பில் குறிக்கப்பட்டுள்ளன. மேல்தளம் மிகச் சிறியது. சில அடி நடந்தாலே அடுத்த சிவப்புக் குறி வந்துவிடும்.