மழை விட்டதும் கூரையில் ஏறலாமா? மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில் ஒழுகும் கூரையைப் பார்க்க ஆள் ஏறுவது பெரும்பாலும் மழை சற்று ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் குறுகிய இடைவெளியில்தான். அடுத்த மழை பிடிப்பதற்குள் ஓட்டையை அடைத்துவிட வேண்டுமென்ற பதற்றம் நியாயமானதே. படுக்கையையும் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மூலைக்கு மூலை இழுத்துவைத்து இரவைக் கழித்தவர்களுக்கு அது புரியும். ஆயினும் வானம் வெளுத்ததுமே கூரை ஏறலாம் என்று எண்ணுவதுதான் இங்கு நிகழும் தவறுகளில் பெரியது.

தகரம் வானத்தைவிடப் பிந்தியே காய்கிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் தங்கிய நீர், வெயில் வந்த பின்னரும் மெல்லக் கசிந்து காலடியை ஈரமாக்கும். பாசியோ மேற்புறம் காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடியில் ஈரத்தை வைத்திருக்கும். எனவே ஏணியில் நின்றபடியே, கூரையில் கால் வைப்பதற்கு முன், உள்ளங்கையால் தகட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். வெயில் விழும் பக்கத்தை மட்டும் தொட்டுவிட்டுத் திருப்தியடைவதும் தவறு. மண்மேட்டை ஒட்டி நிற்கும் லயன்களின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், பின்பக்கக் கூரையில் வெயில் படவே நண்பகல் ஆகலாம். மழையில்லாத நாளிலும் இந்தச் சோதனை தேவை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளுக்குப் பின் அதிகாலையில் உறைபனி படிவதுண்டு; அது உருகி, அந்த நீரும் காய்ந்த பிறகே தகரம் ஏறத் தகுந்ததாகும். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளைப் பொறுத்தவரை, எவ்வளவு நல்ல வெயிலிலும் அவற்றின்மீது நேராகக் கால் வைக்கவே கூடாது. அவை ஆளின் எடையைத் தாங்காமல் திடீரென உடையும்.

இரண்டாவது தவறு, மழையை மட்டும் கணக்கிட்டுக் காற்றை மறப்பது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களை நனைத்துக்கொண்டிருக்கையில், மலைத்தொடரின் மறுபுறத்திலுள்ள வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பகுதிகளில் வானம் தெளிந்து தகரமும் நன்கு காய்ந்திருக்கும். அதே மாதங்களில்தான் கணவாய்களின் ஊடாக இறங்கும் காற்று அங்கே பலமாக வீசுகிறது. ஹப்புத்தளை போன்ற முகட்டு ஊர்களில் இதைக் கண்கூடாகக் காணலாம். காற்றின் சராசரி வேகத்தைவிட, அமைதியாக இருக்கும்போதே திடீரென வந்து அறையும் வீச்சுத்தான் கூரையில் நிற்பவரைத் தள்ளுகிறது. கையில் ஒரு தகடு இருந்தால் அது கப்பற்பாய் போலாகிவிடும். தேயிலைக்கு நடுவே நிற்கும் மரங்களே இதற்கு நல்ல அளவுகோல். சிறு கிளைகள் மட்டும் அசைந்தால் காற்று மணித்தியாலத்துக்கு 20 முதல் 28 கிலோமீற்றர் வரை இருக்கும். இலை அடர்ந்த சிறு மரங்கள் முழுவதுமாக ஆடத் தொடங்கினால் அது 29 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. அன்று ஏற வேண்டாம். காற்றுக்காகக் கூரையில் ஏற்றிவைத்த கற்களையும் மணல் மூட்டைகளையும் அத்தகைய நாளில் நகர்த்துவது இன்னும் பெரிய ஆபத்து.

நகரத்துக்கான வானிலை அறிவித்தலைத் தோட்டத்துக்கும் பொருத்துவது மூன்றாவது தவறு. கையடக்கத் தொலைபேசி காட்டும் நுவரெலியா வானிலை, ஹக்கலையைத் தாண்டி இறங்குபவருக்குப் பொருந்தாமல் போவது அன்றாட அனுபவம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை அடிப்படையாகக் கொண்டு, அத்துடன் அந்தப் பள்ளத்தாக்கில் மூட்டம் எந்தத் திசையிலிருந்து ஏறும், எத்தனை மணிக்கு ஏறும் என்பதை அங்கேயே நீண்டகாலம் வாழ்ந்த ஒருவரிடம் கேட்டறிவது நல்லது.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை எவ்வளவு பளிச்சென்று விடிந்தாலும் பிற்பகலில் இடிமழை திரள்வது வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் ஏணியை எடுக்கிறார்கள். அந்த மாதங்களில் ஈரம் காய்ந்த முற்பகலே உகந்த வேளை. தூரத்தில் ஓர் இடிமுழக்கம் கேட்டாலும் இறங்கிவிட வேண்டும். கடைசி முழக்கத்துக்குப் பின் 30 நிமிடங்கள் கழியும்வரை மீண்டும் ஏறக்கூடாது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடைப்பட்ட 3 வினாடி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அடுத்த மின்னல் அதே தூரத்தில்தான் விழும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க மழையிலேயே ஏற வேண்டும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. மழை நேரத்தில் செய்ய வேண்டிய வேலை வீட்டுக்குள் இருக்கிறது. ஓட்டையில் இறங்கும் நீர் குறுக்குமரத்தின் வழியே ஓடி வேறோர் இடத்தில் சொட்டக்கூடும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து மரத்தில் ஈரம் தெரியும் திசையில் மேல்நோக்கிப் பார்த்துச் சென்று, ஈரம் தொடங்கும் இடத்துக்கு நேரே சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு, சுவரிலிருந்து அந்த ஈர இடத்தின் தூரத்தை அளந்து வைத்தால் போதும். காய்ந்த நாளில் ஏறுபவர் கூரை முழுவதும் அலையாமல் நேராக அந்த இடத்துக்குச் செல்லலாம்.

கூரை காய்ந்தாலும் நிலம் காய்ந்திருக்காது என்பதையும் மறந்துவிடுகிறோம். பல நாள் அடைமழைக்குப் பின் ஏணியின் ஒரு கால் மட்டும் மண்ணில் புதைவதே சாய்ந்து விழப் போதுமானது. உறுதியான பலகையொன்றின்மேல் ஏணியை நிறுத்தி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்புற மண்மேட்டில் புதிய வெடிப்போ, கலங்கிய ஊற்றோ தென்பட்டால் கூரை வேலையை விட்டுவிட்டு, வீட்டாரைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால், அடையாளம் தெரியும்வரை காத்திராமல் உடனே வெளியேற வேண்டும்.

தொடங்கிய வேலையை முடித்துவிட்டே இறங்குவது என்ற பிடிவாதமும் ஆபத்தானது. பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி, கீழே ஏணியைப் பிடித்திருப்பவரின் முகம் மங்கத் தொடங்கினால், தகரமும் அதே நேரத்தில் நனையத் தொடங்கியிருக்கும். மிஞ்சியிருப்பது இரண்டு ஆணிகளே ஆனாலும், ஏணி கண்ணுக்குத் தெரியும்போதே இறங்கிவிட வேண்டும்.