பென்ஷன் கூடுதலாக வந்துவிட்டது, திருப்பிக் கட்டு என்றால்

பரதராமியில் வீடு, சித்தூரில் வங்கிக் கணக்கு என்று இருக்கும் முன்னாள் படைவீரர்களே, வங்கியிலிருந்து பிடித்தம் பற்றிக் கடிதம் வந்தால் பயந்துபோய் உடனே சம்மதக் கையெழுத்து போடாதீர்கள். முதலில் மாதவாரிக் கணக்கு கேளுங்கள்: எந்த மாதம், எவ்வளவு வரவேண்டியது, எவ்வளவு வந்தது. மொத்தத் தொகை மட்டும் போதாது. அதை உங்கள் பி.பி.ஓ.வோடு (ஓய்வூதிய உத்தரவோடு) வரிவரியாக ஒப்பிடுங்கள். தவறு நடக்கக்கூடிய இரண்டு இடங்கள்: கம்யூட்டேஷன் தொகையை (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்காக மாதாமாதம் கழிப்பது) கழிக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது குடும்ப ஓய்வூதியத்தில் உயர்விகிதக் காலம் (தொடக்கத்தில் சில ஆண்டுகள் கூடுதலாகத் தரும் காலம்) முடிந்தும் குறைக்காமல் இருந்திருப்பார்கள்.

கணக்கு சரியாகவே இருந்தாலும் வழி உண்டு. ரஃபீக் மசீஹ் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்றவரிடமும், ஐந்து ஆண்டுக்கு மேல் தவறாகக் கொடுத்துவந்த தொகையையும் பிடிக்கக்கூடாது என்றது. ஆனால் 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதல் தொகையைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி கொடுத்தவருக்கு அது பொருந்தாது என்றது. பென்ஷன் தொடங்கும்போது வங்கியில் எழுதிக்கொடுத்த தாளில் அந்த உறுதிமொழி இருக்கிறதா? நகல் வாங்கிப் பாருங்கள், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தள்ளுபடி கிடைக்காவிட்டால் சிறு தவணையாவது கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். இறுதி உத்தரவு வந்தால், ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். சென்னையிலேயே அமர்வு இருக்கிறது.