மலிவு மூட்டையும் மற்ற தவறுகளும்: கம்பளி நூற்பவர்களுக்கு

காட்பாடியில் தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் கதிர்) பழக வருகிறவர்களைப் பார்க்கிறேன். நூல் அறுவதும் விரல் வலிப்பதும் போகப் போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். காசைத் தின்கிற தவறுகள் வேறு. நான் அந்த நாளில் செய்த அதே கூத்தைத்தான் இவர்களும் செய்கிறார்கள்.

தோல் மண்டிக் கம்பளி

இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். நம் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு ஆட்டின் உடம்பில் இருப்பது வெறும் முடி, நூற்க ஆகாது. அதனால் ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று அலைந்து, தோலிலிருந்து எடுத்த கம்பளியை மூட்டையாகத் தூக்கி வருகிறார்கள். பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் அது ஆட்டிலிருந்து கத்தரித்ததல்ல. தோலின் உட்புறம் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் குழைத்துப் பூசி, வேர் இளகியதும் வழித்தெடுத்தது. கம்பளி புரதம், அந்தச் சுண்ணாம்புக் காரம் பட்ட இடமெல்லாம் இற்றுப்போகும்.

"அக்கா, பாதி விலைக்கு முடிச்சிட்டேன்" என்று ஒரு தம்பி மூட்டையோடு வந்தான். ஒரு கொத்தை எடுத்து, இரு முனையையும் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுக்கச் சொன்னேன். நல்ல இழை, சுண்டிய கம்பி மாதிரி 'டிங்' என்னும். அவனுடையது பொடபொடவென்று அறுந்து, சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். சோப்பு போட்டு அலசினால் போகாதா என்றான். மிச்சமிருக்கும் சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளும், போகாது. சீப்பில் வாரினால் இழை துண்டு துண்டாகி, நூற்க வாரி வைத்த திரியெங்கும் குருணை குருணையாக நிற்கும். அதை வைத்து நூற்றுவிட்டு, "எனக்குக் கை வரல" என்று தக்ளியைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. கையில் ஒரு குறையும் இல்லை!

வாங்கும்போது கத்தரித்ததா, வழித்ததா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் கிளம்பிவிடுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆட்டுக் கம்பளி முரடுதான், ஆனாலும் பழக அது போதும். மெல்லியது வேண்டுமென்றால் நீலகிரி ஆடு.

கசக்கித் துவைப்பது

வேண்டாம். இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகி, ஜமுக்காளம் மாதிரி ஆகிவிடும்.

வாளியை ஆறவிடுவது

கம்பளிக் கொழுப்பு உருகவே சுமார் 40 டிகிரி சூடு வேண்டும். 60 டிகிரி அளவில் அமுக்கி ஊறவைத்து, ஆறுவதற்குள் எடுத்துவிடுங்கள். ஆறினால் உருகிய கொழுப்பு திரும்ப இழையிலேயே படியும். மே மாதத்து மாடித் தொட்டித் தண்ணீரை நம்பாதீர்கள், அடுப்பில் வைத்துச் சுட வையுங்கள். நம் போர் தண்ணீரில் சோப்புக் கட்டி நுரைக்காது, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் சரி.

அல்பாக்காவைக் கம்பளி என்று நினைப்பது

பெரு நாட்டு மலைப் பிராணி, ஒட்டக இனம். இழையில் கம்பளிபோல் கொழுப்புப் பிசுக்கு கிடையாது, புழுதி மட்டும் ஏராளம். அதனால் அவ்வளவு சூடு தேவையில்லை. வழுக்குகிற இழை என்பதால் முறுக்கு கூடுதலாக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தக்ளி காலில் விழும். துவளும் குணமும் உண்டு. அதை மட்டுமே வைத்துப் பின்னிய ஸ்வெட்டர் நாளாக நாளாக முழங்காலைத் தொடப் பார்க்கும். கொஞ்சம் ஆட்டுக் கம்பளி கலந்துகொள்ளுங்கள். கோடையில் இழை பறந்து முகத்தில் ஒட்டினால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

இரண்டு இழையைச் சேர்ப்பது

ஒற்றை இழையை நூற்கும்போது தக்ளியை வலப்பக்கம் சுற்றினீர்களா, இரண்டைச் சேர்த்து முறுக்கும்போது இடப்பக்கம்.