துண்டு துண்டா எழுதி வச்சிருக்கீங்களா, அத தொகுக்குறது எப்படின்னு சொல்றேன்

நற்றிணையில 284வது பாட்டு. ஒருத்தன் வேலை விஷயமா வீட்ட விட்டு தூரமா வந்திருக்கான், நெஞ்சு சொல்லுது காதலிகிட்ட போலாம் வான்னு, அறிவு சொல்லுது எடுத்த வேலைய பாதியில விட்டா கேவலம், கொஞ்சம் பொறுன்னு. ரெண்டுக்கும் நடுவுல அவன் ஒடம்பு என்ன ஆகுதுன்னா, ரெண்டு யானை ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுக்குற தேஞ்சுபோன பழைய கயிறு மாதிரி அத்துப் போயிடுமோன்னு கேக்குறான். "தேய்புரிப் பழங்கயிறு". எழுதுனவரோட பேரு நமக்கு வந்து சேரல, அதனால அந்த வார்த்தையவே பேரா வச்சு தேய்புரிப் பழங்கயிற்றினார்னு கூப்புடுறோம்.

இத நான் மொதல்ல படிச்சப்ப ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாத்துட்டு இருந்தேன், இப்பவும் அதே வேலைதான். வீட்டுல பேசுறது தெலுங்கு, ஆபீஸ் மெயில் இங்கிலீஷ், கவிதை எழுதுறது தமிழ், ஞாயித்துக்கெழம பென்சில் எடுத்தா படம் வரைவேன். இதுல எது நெஜமான நான், மத்ததெல்லாம் வேஷமான்னு ரொம்ப வருஷம் கொழம்பிக் கெடந்தேன், ஒண்ண தேர்ந்தெடுத்து மத்தத விட்டாதான் உருப்படுவோம்னு நெனச்சு ரெண்டு தடவ படம் வரையறத நிறுத்தியும் பாத்தேன். எழுத்தும் அப்படியே செதறிக் கெடந்துச்சு, பழைய டைரி, போன் நோட்ஸ், எனக்கு நானே அனுப்பிக்கிட்ட வாட்ஸாப் மெசேஜ், பில்லோட பின்பக்கம்.

அப்புறம்தான் புரிஞ்சுது, சங்கப் பாட்டுகள்ல பெரும்பாலானது நம்ம கைக்கு வந்ததே தொகையாத்தான். எட்டுத்தொகைன்னே பேரு. பல ஊரு, பல காலம், பல ஆளுங்க பாடுன தனித்தனிப் பாட்ட யாரோ ஒக்காந்து தொகுத்திருக்காங்க, எல்லாத்தையும் ஒரே குரலா மாத்தல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடம் குடுத்தாங்க. நம்ம துண்டுகளுக்கும் இதே வழி செல்லும்னு நான் முழுசா நம்புறேன். எப்படின்னு சொல்றேன்.

மொதல்ல பொறுக்குங்க, படிக்காதீங்க. ஒரு நாள் ஒதுக்கி எல்லாத்தையும் ஒரே பெட்டியில போடுங்க, போன்ல இருக்குறத பிரிண்ட் எடுத்தோ கையால எழுதியோ உள்ள வச்சிடுங்க. படிக்க ஆரம்பிச்சா இது குப்பை அது குப்பைன்னு கிழிக்கத் தோணும், அதான் படிக்காதீங்கன்னு சொல்றேன். லிஸ்பன்ல பெர்னாண்டோ பெசோவான்னு ஒரு கவிஞர் இருந்தாரு, 1888ல பொறந்து 1935ல செத்தவரு, கம்பெனிகளுக்கு வியாபாரக் கடிதம் மொழிபெயர்த்துக் குடுத்துதான் பொழப்பு. அவர் ஒரு பெரிய மரப்பெட்டியில போட்டுட்டுப் போன தாளுங்க 25,000க்கும் மேல. அதுல துணைக் கணக்கர் ஒருத்தர் எழுதுறதா வர்ற உரைநடைத் துண்டுகள் மட்டும் புத்தகமா வர 1982 ஆயிடுச்சு, அதுக்கப்புறமும் ஒவ்வொரு பதிப்பாசிரியரும் ஒவ்வொரு வரிசையில அடுக்குறாங்க, ஏன்னா அவர் வரிசை சொல்லிட்டுப் போகல. நானும் கணக்கு எழுதுறவன்ங்கறதால இது என்னை ரொம்ப ஒலுக்கிடுச்சு. பெட்டியில போடுறது பாதி வேலைதான், அடுக்குறதும் நாமதான் செய்யணும்.

ரெண்டாவது, பேர் வைங்க. "கவிதை 1", "புது ஐடியா" இப்படி வச்சா அடுத்த மாசம் என்னன்னே தெரியாது. அந்தத் துண்டுலயே இருக்குற உயிரான வார்த்தைய எடுத்து மேல எழுதுங்க. குறுந்தொகையில 40வது பாட்டு செம்புலப்பெயனீரார், 41வது அணிலாடு முன்றிலார், ரெண்டு பேருமே தன்னோட வரியாலதான் இன்னிக்கும் தெரியுறாங்க. ஒரு துண்டுல அப்படி ஒரு வார்த்தைகூட சிக்கலன்னா அத தனியா வைங்க, தூக்கிப் போட வேணாம்.

மூணாவதுதான் முக்கியம். கதை கவிதை கட்டுரைன்னு பிரிக்காதீங்க, திணையா பிரிங்க. திணைன்னா நெலம், பொழுது, அப்புறம் மனசு என்ன நெலமையில இருந்துச்சு, இது மூணும் சேந்தது. ஒவ்வொரு துண்டையும் கையில எடுத்து இத எழுதும்போது எங்க இருந்தேன், என்ன நேரம், உள்ள என்ன ஓடுச்சுன்னு கேளுங்க. எனக்கு அஞ்சு வந்துச்சு: ஆபீஸ் மேசை, அம்மாவோட சமையக்கட்டு, டவுன் பஸ், ராத்திரி மொட்டைமாடி, தாத்தா ஊரு. உங்களுக்கு மூணோ ஆறோ வரலாம். இதப் பண்ணும்போதே மனசு பாரம் எறங்கிடும், ஏன்னா நாம வேற வேற ஆளுன்னு நெனச்சு பயந்ததெல்லாம் பாதி வேற வேற எடம்தான்னு கண்ணுக்குத் தெரியும். கபிலர் குறிஞ்சிப்பாட்டும் பாடுனாரு, பாரி செத்தப்புறம் அவனோட மகள்கள கூட்டிக்கிட்டு அலைஞ்ச வலியையும் புறநானூத்துல பாடுனாரு, ரெண்டும் ஒருத்தர் பாடுனதான்னு நாம சந்தேகப்படுறமா?

இப்ப அடுக்குறது. இங்க அகநானூறு கைகுடுக்கும். மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் அத தொகுத்த மொறையப் பாருங்க. 1, 3, 5, 7, 9ன்னு ஒத்தப்படை எண்ணுல வர்றதெல்லாம் பாலை. 2, 8ல முடியுறது குறிஞ்சி. 4ல முல்லை, 6ல மருதம், 10, 20, 30ன்னு பத்துப் பத்தா வர்றது நெய்தல். 400 பாட்டுல பாலை 200, குறிஞ்சி 80, மத்த மூணும் 40, 40, 40. நடுப்பகுதிக்கு மணிமிடைபவளம்னு பேரு, மணியும் பவளமும் கலந்து கோத்த மாதிரி (எவ்வளவு அழகான பேரு!). ஒரே திணைய ஒரே எடத்துல குவிக்காம எடையில எடையில கலந்து கோத்திருக்காங்க, ஆனா எதுவும் எதுக்குள்ளயும் கரையல.

ஒரு கோடு போடாத நோட்டு வாங்கி பக்க எண் போடுங்க. உங்ககிட்ட எது அதிகமா இருக்கோ அதுக்கு ஒத்தப்படை பக்கம், வெக்கப்படாம குடுங்க. எனக்கு அது ஆபீஸ். நாள்ல பத்து மணி நேரம் இருக்குற எடத்த எழுத்துல இல்லாத மாதிரி மறைச்சா மிச்சம் எழுதுறதும் பொய்யாத்தான் வரும். 2, 8ல அம்மா, 4ல பஸ், 6ல மொட்டைமாடி, 10ல தாத்தா ஊரு. பக்கத்துக்கு ஒரு துண்டு, கையால காப்பி பண்ணணும், திருத்தக்கூடாது, படம்னா ஒட்டிக்கலாம், தெலுங்குல தோணுனத தெலுங்காவே தமிழ் எழுத்துல எழுதிக்கலாம். பத்துப் பக்கம் முடிஞ்சா மறுபடி அதே வரிசை. எங்கிட்ட 7வது பக்கத்துல ஸ்டாக் எண்ணும்போது ரெண்டு பீஸ் கொறஞ்சு ராத்திரி வரைக்கும் தேடுன கதை, 8வது பக்கத்துல அம்மா அரிசி அளக்கும்போது கடைசிப் படிய எண்ணாம "லாபம்"னு சொல்றது. எழுதுனப்ப ரெண்டுக்கும் நடுவுல மூணு வருஷம், பக்கத்துல பக்கத்துல வச்சப்பதான் நான் எண்ணுறத பத்தியே எழுதிட்டு இருந்திருக்கேன்னு தெரிஞ்சுது. என்னோட நீளமான மொதல் கதை அங்கிருந்துதான் வந்துச்சு.

ஒரு விஷயம் சீரியஸா சொல்லணும். நான் சொல்றது மனசு பல பக்கம் இழுபடுறத பத்தி. நேரம் போனதே ஞாபகம் இல்ல, நான் செஞ்சது எனக்கே தெரியல, என் ஒடம்பு என்னோடது இல்லாத மாதிரியே எப்பவும் இருக்குன்னா அதுக்கு நோட்டு போதாது, தயவுசெஞ்சு ஒரு மனநல டாக்டர பாருங்க.

கடைசியா, எடையில ஒரு திணைக்கு துண்டே கெடைக்காம போகும். அப்ப புதுசா இட்டுக்கட்டி ரொப்பாதீங்க, எண்ணப் போட்டு பக்கத்த காலியா விடுங்க. புறநானூத்துல 267, 268 ரெண்டு பாட்டும் கெடைக்கல, இன்னிக்கும் 266க்கு அடுத்து 269ன்னுதான் இருக்கு, எண்ண மாத்தி ஓட்டைய மறைக்கல. எனக்கு 30வது பக்கம் காலி. தாத்தா ஊர்ல அவர் செத்த அன்னிக்கு நான் ஒண்ணுமே எழுதல, வரையல, கொஞ்ச நேரம் மாட்டுக் கொட்டாயில நின்னுட்டு பஸ் ஏறிட்டேன். 31லேர்ந்து மறுபடி ஆபீஸ்.